தேதி முடிந்த பச்சைப் பொட்டலம்

பெயர் ஹோ ஷூ-சுவான். பெண். வயது 43. கணவர் பெயர் தூ வென்-லியாங். தைனான் நகரம், கிழக்கு வட்டம், ரயில்வே பாலத்துக்குப் பின்புறமுள்ள அடுக்குமாடி, மூன்றாவது தளத்தில் வசிப்பவர். லூ ஜின்-ஃபா என்பவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்துக்கு நேரில் வந்து, தானாக முன்வந்து சொன்னதாவது:

நான் வெள்ளைக் கொக்கு கார்ட்டூன் பட நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களிடம் இருப்பவை எல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள். அவற்றுக்குள் நுழைந்து எதையும் மாற்றும் அதிகாரக் கடவுச்சொல் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நான், இன்னொருவர் மேனேஜர் லூ. ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலேயும் ஒரு பச்சை நொறுக்குத் தீனிப் பொட்டலம் வைத்திருப்போம். இந்த நிலையத்திலும் உங்கள் கம்ப்யூட்டர் மேலே ஒன்று இருக்கிறது, வரும்போதே பார்த்தேன், ஆகவே அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பச்சையாக இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி முடியக் கூடாது. அது இருந்தால் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது எங்கள் வழக்கம்.

பாய் யீ-வென் என்ற பெண் எங்களிடம் பின்னணிக் காட்சிகள் வரைந்து வந்தாள். சென்ற கோடையிலிருந்து அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் மந்தமாகிவிட்டது. மவுஸ் நகரும், ஆனால் எதைத் தொட்டாலும் திறக்காது. திரையில் திறந்த ஜன்னல்கள் சாம்பல் நிறமாகி நிற்கும். தூரிகைக் கோடு இழுத்தால் அவள் கையை எடுத்து வெகுநேரம் கழித்துத்தான் திரையில் விழும். அந்தச் சமயத்தில் நான் புதிய கிளையைத் தயார் செய்ய ஷின்சூவுக்கு அனுப்பப்பட்டிருந்தேன். அனுப்பியவர் லூ. அந்த நாட்களில் லூ அவளிடம் வந்து, "என்னம்மா யீ-வென், உங்க அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?" என்று கேட்பாராம். அம்மாவின் முட்டி வலியைப் பற்றி அவள் ஆபீசில் யாரிடமும் பேசியதில்லை. இன்னொரு நாள், "வேற கம்பெனிக்குப் போனா இதைவிட நல்லா பாத்துப்பாங்கன்னு நினைப்போ?" என்றும் கேட்டிருக்கிறார். அவள் வேறு இடத்துக்கு விண்ணப்பித்தது அவளுக்கும் அவள் தங்கைக்கும் மட்டுமே தெரியும்.

அதன் பிறகு படம் தள்ளிப்போனது. லூ எல்லோரையும் கூட்டி, யீ-வென்னின் கம்ப்யூட்டர் மேலிருந்த பொட்டலத்தைத் தூக்கி, பின்பக்கத்தைப் படித்தார். தேதி முடிந்திருந்தது. "பாருங்க எல்லாரும். ஒரு தீனிப் பொட்டலத்தைக்கூடப் பாத்துக்கத் துப்பில்லாதவளை நம்பித்தான் நாம படம் எடுக்கிறோம்" என்றார். சிலர் சிரித்தார்கள். பெயர்களைக் கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன். படம் தாமதமானதற்கு அவளே காரணம் என்று ராஜினாமா எழுதி வாங்கினார். படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களிலிருந்தும் அவள் பெயரை எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் வரும் மழைக் காட்சி முழுவதும் அவள் வரைந்தது.

நான் திரும்பி வந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. உடனே போனில் கூப்பிட்டேன். "என் தப்புதான் அக்கா. தேதியைப் பாக்காம விட்டுட்டேன். மெஷின் கோவிச்சுக்கிச்சு" என்றாள். படித்த பெண், அதை முழுசாக நம்பிவிட்டாள். எங்கள் வழக்கத்தை நானும் மதிக்கிறவள்தான், ஆனால் பொட்டலத்தைக் காட்டி ஒருத்தியின் வயிற்றில் அடிப்பதற்கு அந்த வழக்கம் ஏற்படவில்லை.

அதன் பிறகு அவள் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். மேலே புதுப் பொட்டலம், முன்னால் ஆளில்லை, இருந்தும் அதே மந்தம். திரை அசையாததால், படமில்லாத எழுத்துத் திரைக்குப் போய், எந்த வேலை மெமரியைத் தின்கிறது என்று பார்த்தேன். எழுத்துருச் சேவை என்ற பெயரில் பின்னால் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு சேவையை நான் போடவில்லை. திறந்து பார்த்தால், அது விடாமல் திரையைப் படம் பிடித்து ஒரு மறைவான ஃபோல்டரில் திணித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் உள்ளவற்றைத் தேடித்தருவதற்காக அட்டவணை போடும் வேலை ஒன்று எப்போதும் உண்டு. அது புதிதாக வந்த ஒவ்வொரு படத்தையும் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. படங்கள் எல்லாம் லூவின் லேப்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. போட்டவரின் பெயர் லூ என்றே பதிவாகியிருந்தது. அவள் அந்தக் கம்ப்யூட்டரில் தங்கைக்கு எழுதியதெல்லாம் படமாக அவரிடம் போயிருக்கிறது. அம்மாவின் முட்டி வலி அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது அப்போது விளங்கியது.

அதன் பிறகு முதலாளி காங் அவர்களிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வருஷக் கடைசி, ஷூ-சுவான். எல்லாம் மெஷின் கோளாறா இருக்கும். புத்தாண்டு கழியட்டும்" என்றார். லூ இல்லாமல் படம் வெளியே போகாது என்று அவருக்கு எண்ணம். சரி, இவர்கள் கேட்கப்போவதில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

வருடக் கடைசி விருந்து மதியம் ஒரு ஹோட்டலில் ஏற்பாடாகியிருந்தது. முன்னோட்டப் படத்தை லூ தன் லேப்டாப்பிலிருந்து தானே போட்டுக் காட்டுவது வழக்கம். விருந்துக்கு முன் அதைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடமே கொடுத்தார். அவர் யீ-வென்னுக்குப் போட்ட அதே சேவையை அவர் லேப்டாப்பிலும் போட்டேன், இன்னும் வேகமாகப் படம் பிடித்து மெஷின் திணறும்படி. முன்னோட்டத்தைத் தொட்டால் அதற்குப் பதில், அந்தப் படங்கள் வந்து சேரும் அவருடைய மறைவான ஃபோல்டர் திறக்கும்படியும் செய்தேன். உள்ளே இருந்த படங்கள் எதையும் நான் திறக்கவில்லை, திரையில் வரவும் விடவில்லை. அவை மற்றவர்களின் அந்தரங்கம். வெளிப்பக்கம் தெரிந்தாலே எனக்குப் போதும். ஏனென்றால் யாரை வேவு பார்த்தாரோ அவர்கள் பெயரிலேயே ஒவ்வொரு ஃபோல்டரையும் லூ ஒழுங்காக வைத்திருந்தார்.

விருந்தில் முதலாளி பேசி முடித்த பிறகு லூ எழுந்து வந்து முன்னோட்டத்தைத் தொட்டார். புரொஜெக்டர் வழியாகச் சுவர் முழுக்க அந்த ஃபோல்டரின் ஜன்னல் விரிந்தது. மேலே லூ ஜின்-ஃபா என்ற பெயர், கீழே வரிசையாக எங்கள் பெயர்கள். அவர் மூடப் பார்த்தார். மவுஸ் நகர்ந்தது, எதுவும் மூடவில்லை. மறுபடி மறுபடி தட்டினார். அதற்குள் ஒவ்வொரு மேஜையிலும் ஆட்கள் தங்கள் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "என் பேரு அங்க எதுக்கு?" என்று கணக்குப் பிரிவுப் பெண் கேட்டாள்.

லூ என்னைப் பார்த்து, "என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறே? இதை மூடித் தொலை" என்றார். எனக்கு மூடத் தெரியும். மூன்று விசைகளை அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனால் முடிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பொட்டலம் தேதி முடிஞ்சிருக்கும் சார். நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் வெளிறியது. அதைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் புரொஜெக்டர் கம்பியைப் பிடுங்கப் போனபோது முதலாளி காங், "கையை எடுங்க. யாரும் அதைத் தொடக்கூடாது" என்றார். கடைசி வரியில் இருந்த பெயர் முதலாளியுடையது. அதன் பிறகு அவர் மேஜை நடுவிலிருந்த சுழல் தட்டை மெல்லத் திருப்பி, அதிலிருந்த முழுக் கோழியின் தலை லூவின் நாற்காலிக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். வருடக் கடைசி விருந்தில் முதலாளி கோழித் தலையைத் திருப்பினால் அந்த ஆளுக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். இந்தக் காலத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அன்று செய்தார்.

மறுநாள், நான் அவர் லேப்டாப்பைக் கெடுத்துவிட்டேன் என்று லூ இந்தப் புகாரைக் கொடுத்திருக்கிறார். ஃபோல்டரைத் தான் உண்டாக்கவில்லை, ஏதோ கோளாறில் ஒரு சேவை அதுவாகவே மெஷினுக்கு மெஷின் பரவிவிட்டது என்று சொல்லியிருப்பதாக அறிகிறேன். யீ-வென்னின் பெயரைப் படத்தில் திரும்பச் சேர்ப்பது பற்றி முதலாளியிடம் கேட்டேன். "போலீஸ் என்ன எழுதுதுன்னு பாத்துட்டு" என்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதைப் பதிவு செய்த அதிகாரி ஷே எழுதுவதை நிறுத்திவிட்டு, "அக்கா, ரிப்பேர் பண்றப்போ கைதவறி அந்த லேப்டாப்ல ஏறிடுச்சுன்னு போட்டுக்கறேன். உங்க மேல வழக்கு நிக்காது. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார், அவருக்கு நன்றி. ஆனால் என்னுடையது கைதவறி ஏறியது என்றால் லூவினுடையதும் கைதவறி ஏறியதாகிவிடும். கோளாறு என்று அவர் சொல்வதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும். பழி மறுபடியும் பொட்டலத்தின் மேல் வரும், யீ-வென் காலமெல்லாம் தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். இந்த மெஷின்களில் எதுவும் தானாக ஏறவில்லை. அவள் கம்ப்யூட்டரில் போட்டது லூ. லூவின் லேப்டாப்பில் போட்டது நான்.

மேலே உள்ளதை எனக்கு வரி விடாமல் வாசித்துக் காட்டினார்கள். "கைதவறி" என்று எழுதியிருந்த இடத்தை அடித்து, "பழிவாங்கும் எண்ணத்தோடு, நன்றாகத் தெரிந்தே" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தில் என் கட்டைவிரலைச் சிவப்பு மையில் வைத்திருக்கிறேன். மற்றபடி நான் சொன்னது எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்னை யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. இதனால் எனக்கு வருவது எதுவானாலும் வரட்டும்.

(கையொப்பம்)
ஹோ ஷூ-சுவான்