கூலர் இறக்கிய சுருதி

கரோல் பாக்கில் மெட்ரோ கிளம்பியதும், எதிரே நின்ற நரைத்த தலைக்காரர் தன் அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு மேடையில கூலர் விஷயத்தை மட்டும் சொல்லிடாத."

"ஏன்டா? நம்ம முதல் ஆல்பம் ரெக்கார்டிங்ல, நீ சின்தஸைசர் வாசிக்கும்போது நான் ஏர் கூலரைப் போட்டேன். வோல்டேஜ் விழுந்து சுருதி இறங்கிடுச்சு. அவ்வளவுதானே?"

"அந்த இறக்கத்தைத்தான் இன்னிக்கு எல்லா பேண்டும் காப்பி அடிக்குது. நாளைக்கு அதை நேர்ல கேக்கத்தான் ஜனங்க வர்றாங்க."

"அச்சா, வாசிச்சுக் காட்டு."

"எப்படிக்கா? இப்ப கரண்ட் ஒழுங்கா வருதே. அந்தக் கூலரையாவது கொண்டு போலாமா?"

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

"அதைப் போன வாரம்தான்டா கபாடிவாலாகிட்ட எடைக்குப் போட்டேன்."