மின்னல் மட்டும் போதுமாம்

...அதுக்குப் பேரு பாட்டாண்ணே? நீங்களே சொல்லுங்க. காது டாக்டரு வாசல்ல ஒக்காந்துக்கிட்டு நான் பொய் சொல்லுவனா? கீபோர்டுல ஒரு வெரல வைப்பான். வச்சவன் எடுக்க மாட்டான். அடுத்த வெரல வைக்கிறதுக்கு நல்ல நேரம் பாப்பான். ஜஸ்டினு. என் பார்ட்னரு. 'இடி மின்னல் பீட்ஸ்'னு கேள்விப்பட்டிருப்பீங்களே... நான்தான் இடி. ரிதம் பேடு. அவன் மின்னலு, கீபோர்டு. ரெண்டே பேரு, ஒரு லோடு ஆட்டோ நெறைய ஸ்பீக்கர் பாக்ஸு.

சத்தமாவா பேசுறேன்? சாதாரணமாத்தாண்ணே பேசுறேன். அந்தா, அந்த நர்சுப் பொண்ணு மொறைக்குது பாருங்க. மொறைக்கிறதுக்குத்தான் சம்பளம் போல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங். கீரனூரு சுத்துவட்டாரத்துல எங்க செட்டு எறங்கலன்னா அது திருவிழாவே இல்ல. நான் பேஸத் தொறந்துவுட்டா டீக்கடையில கிளாசு தானா நடந்து போயி கல்லாவுல நிக்கும். ஆடு கவுத்த அறுத்துக்கிட்டு அடுத்த ஊருக்கு ஓடும். நெஞ்சுக்குள்ள பூந்து கலக்கணும்ணே. அதான சவுண்டு?

போன பங்குனியில வந்து நிக்கிறான் ஜஸ்டினு. 'அண்ணே, சத்தத்தக் கொறைப்போம். ஆளையே மாத்துற மாதிரி ஒரு சவுண்டு புடிப்போம். புது ஆளுக கேக்க வருவாங்க'ங்குறான். எங்கேருந்துடா வருவாங்க, வானத்துலேருந்தான்னேன். 'நீங்க ஊருக்கு ஊரு சத்தத்தக் கூட்டிக்கிட்டே போறீங்க, இருக்குற ஆளே எந்திரிச்சுப் போவுதுண்ணே'ங்குறான். நானா கூட்டுறேன்? பாக்ஸு பழசு, இழுக்க மாட்டேங்குது. கூட்டித்தான ஆகணும்?

கொடும்பாளூருக்குப் பக்கத்துல ஒரு ஊர்ல போட்டான் பாருங்க அந்தப் புது சவுண்ட... என்னைய பேட லேசா வெரலால தொடச் சொல்லிட்டான். தொடணுமாம்! அது என்ன பச்சப் புள்ளையா? அவன் பாட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டு மேல்கட்டையில வெரல ஓட்டுறான். எனக்கு ஒரு எழவும் கேக்கல. ஒயரு புடுங்கிக்கிச்சுபோலன்னு பின்னாடி போயி எல்லா ஒயரயும் அமுக்கிவுட்டு வாரேன்... அப்பயும் ஒண்ணுமில்ல.

ஆனா கூட்டத்தப் பாக்கணுமே! எங்க ஆட்டக்காரப் பயலுக ஒருத்தனக் காணோம். அந்த எடத்துல பொம்பளைங்க, ரிட்டையரான வாத்தியாருங்க, கைப்புள்ளக்காரிங்க... சேரு போட்டு ஒக்காந்துருக்காங்க. ஒக்காந்து! நாங்க செட்டு போட்டா கதவச் சாத்துற வீடெல்லாம் அன்னைக்குத் தொறந்து கெடக்கு. ஒரு அம்மா முந்தானையில மூக்கச் சிந்துது. என்னத்தக் கேட்டு அழுவுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. நடிப்புண்ணே, எல்லாம் நடிப்பு. ஒருத்தர் அழுதா நாமளும் அழுவணும், இல்லன்னா வெவரம் பத்தாதவன்னு நெனச்சிருவாங்கள்ல...

இப்ப திருச்சியிலேருந்து காரு போட்டு வாரானுவ. விசிலடிக்க மாட்டான். ஆட மாட்டான். பல்லு புடுங்க வந்தவன் மாதிரி கண்ண மூடி ஒக்காந்திருப்பான். இவனுகதான் புது ரசிகருங்க! நாளைக்குக் கோட்டைப்பட்டினத்துல கல்யாண வீடு. சொந்தமா மீன்புடி போட்டு வச்சிருக்குற குடும்பம். கடல்ல நாளெல்லாம் இஞ்சின் சத்தத்துல கெடக்குறவங்க, அவங்களுக்கும் இந்த மொணமொணப்புதான் வேணுமாம். நான் கண்டிசனாச் சொல்லிட்டேன். நாளைக்குப் பழைய சவுண்டு. இல்லையா, என் பேடத் தூக்கிக்கிட்டு வேற செட்டுக்குப் போறேன், மின்னலு தனியா மின்னட்டும்னு.

அதுக்கு அவன் என்ன பண்ணான் தெரியுமா? இங்க வந்து டோக்கன் போட்டுக் குடுத்துட்டான். 'மொதல்ல டாக்டரப் பாத்துட்டு வாங்கண்ணே, அப்பறம் நீங்க சொல்ற மாதிரியே வாசிக்கிறேன்'ங்குறான். சண்டைக்கும் டாக்டருக்கும் என்னண்ணே சம்பந்தம்? எம் பொண்டாட்டி செங்கமலமும் அவன் கட்சி. குக்கரு விசிலடிச்சு விசிலடிச்சுப் பருப்பு கருகிப்போச்சாம், நான் பக்கத்துலயே ஒக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேனாம். அடிச்சிருந்தா கேக்காதா? குக்கர்ல கோளாறு, புதுசு வாங்குடின்னுட்டேன். எனக்குக் காதுல கொஞ்சம் குறும்பி. எடுத்துவுட்டா போச்சு.

என்னண்ணே, தலையத் தலைய ஆட்டுறீங்க, போன எடுக்குறீங்க... போரடிக்கிறனா? அட! இந்த வீடியோ எங்க மேடையில்ல? அந்தா ஓரமா, கறுப்புச் சட்ட, அது நான்தான். மூஞ்சிய எப்படி வச்சிருக்கேன் பாருங்க. இது எப்படிண்ணே ஒங்ககிட்ட... தெனமும் கேக்குறீங்களா? படுக்கப் போறப்பவா? நீங்களுமா! சரியாப்போச்சு. ஒங்ககிட்டயா இம்புட்டு நேரம் அழுதேன்... சரி, போடுங்க. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்குறேன்.

ஓடுதா? கீழ அந்தக் கோடு நகருது... ஜஸ்டின் வெரலு ஓடுது. சத்தத்தக் கூட்டுங்கண்ணே. இன்னும். அவ்வளவுதானா, ஃபுல்லா? அப்ப ஒங்க போனுல ஸ்பீக்கர் போச்சுண்ணே. கடையில குடுத்துப் பாருங்க.

ஏன் எல்லாரும் இங்கிட்டுத் திரும்புறாங்க? அழுதுக்கிட்டிருந்த அந்தக் கைப்புள்ள கூட வாயத் தொறந்தபடி போனையே பாக்குது... நர்சு வேற எந்திரிச்சு வருது. மொறைக்கல. என்னையப் பாத்து வாய அசைக்குது. என்னண்ணே சொல்லுது? என் பேரா? கொழந்தசாமின்னா? எப்பக் கூப்புட்டுச்சு?

ரொம்ப நேரமாவா...

வாரேம்மா. இந்தா, வாரேன்.

அண்ணே... அந்தப் பாட்ட நிறுத்திட்டீங்களா? இல்ல, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கா?