உப்புப் பார்த்த கரண்டி

எனக்குக் காய்கறி மேல் ஒரு கோபமும் கிடையாது சார். எங்கள் வீட்டில் வாரத்தில் பாதி நாள் கீரையும் பருப்பும்தான். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு என்னைக் கறி வெறியன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அலுவலகக் கேண்டீனில் கறி அடுப்பு என்னுடையது. மனைவிக்கு அதே கட்டடத்தில் சம்பளப் பிரிவில் வேலை. மத்தியானம் தட்டோடு என் முன்னால் வந்து நிற்பாள். நல்ல துண்டாகப் பார்த்து வைப்பேன். வீட்டில்கூட நாங்கள் அப்படி முகம் பார்த்துக்கொண்டதில்லை.

பிறகு நிர்வாகத்துக்குப் பூமி மேல் அக்கறை வந்தது. எதிர்ச் சுவரை ஒட்டி இன்னொரு கவுண்ட்டர் போட்டு, இலைப் படம் ஒட்டி, இங்கே செடியில் விளைந்தது மட்டும்தான் என்று எழுதி வைத்தார்கள். பால்கூடக் கிடையாது. அதற்கு வந்த சமையல்காரனை எல்லோரும் 'இலை' என்றே கூப்பிட்டார்கள். சின்ன வயது, சிரித்த முகம்.

என் மனைவி அந்தப் பக்கம் போய்விட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அங்க இறால் பயம் இல்லைங்க. உங்க கரண்டி எது எதுல போயிட்டு வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். இறால் அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு வாய் சாப்பிட்டதும் தொண்டை வீங்கிப் பேச்சு நின்றுவிட்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதிலிருந்து அவள் கைப்பையில், உடனே போட்டுக்கொள்ள மருந்து ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் இறால்தான் காரணம் என்றால், அங்கிருந்து தட்டோடு திரும்பும்போது முகத்தில் அந்தச் சிரிப்பு எதற்கு?

சுற்றுச்சூழல் வாரம் என்று கேண்டீனிலேயே ஒரு விவாதம் வைத்தார்கள். கறியா, காயா? மாட்டுக்காகக் காட்டை அழிக்கிறார்கள், அது விடும் வாயு பூமியைச் சூடாக்குகிறது என்றான் இலை. நானும் நியாயமாகத்தான் கேட்டேன்.

"உன் பீன்ஸ் மட்டும் நடந்தா வந்துச்சு? கப்பல்லதான வந்துச்சு. அந்தப் புகை கணக்குல வராதா?"

கை தட்டினார்கள். அப்போது என் மனைவி எழுந்தாள்.

"மாட்டுத் தீவனமும் அதே கப்பல்லதாங்க வருது. மாடு அதையும் தின்னுட்டு ஏப்பமும் விடுது."

கூரை அதிரச் சிரித்தார்கள். இலையும் சிரித்தான். இத்தனை வருடத்தில் என்னிடம் அவள் இப்படி வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கவுண்ட்டர் திறக்குமுன் எல்லாப் பாத்திரத்திலும் மூத்தவன் உப்புப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கேண்டீன் வழக்கம். இலையும் மூடியைத் திறந்துவிட்டு, "பாருங்கண்ணே" என்று மரியாதையாக ஒதுங்கி நிற்பான். விவாதத்துக்கு மறுநாள், கொஞ்சம் குறைகிறது என்று சொல்லி, உப்போடு ஒரு பிடி காய்ந்த இறால் பொடியையும் போட்டுக் கிளறினேன். மசாலா தூக்கலான குழம்பு, வாசனை தெரியாது. எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டு முடித்ததும் உண்மையைச் சொல்லி அவன் மானத்தை வாங்க நினைத்தேன். வேறு யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை.

அப்படியானால் காலையிலேயே அவள் பையிலிருந்து ஊசியை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவளுக்கு மூச்சுத் திணறும்போது எல்லோர் முன்னாலும் நான் ஓடிப்போய்ப் போட வேண்டும். தனக்கு யார் வேண்டியவன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். காப்பாற்றத்தான் சார் எடுத்தேன்.

நாலு வாய்க்குள் அவள் சரிந்துவிட்டாள். பையைக் கொட்டித் துழாவினாள். இலைதான் முதலில் ஓடினான். தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "அக்கா, ஊசி எங்கக்கா?" என்று கத்தினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

ஊசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் 'ஏங்க' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் ஓடிப்போய்ப் போட்டிருப்பேன் சார். கடைசிவரை அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.