கார்த் தரிப்பிடத்தில் நிற்கும் மேளங்கள்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் விக்னராஜா அவர்களே, மேடையிலிருக்கும் பெரியோர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் கதிர்காமநாதன் அண்ணா அவர்களே, சபையோரே, இந்த மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் மழைத் தூறலில் மேளங்களைத் துணியால் மூடியபடி நிற்கும் நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கடைசியாகக் குறிப்பிட்டவர்களுக்கு என் குரல் கேட்காது. கதவைச் சாத்திவிட்டோம்.

தலைமைத் தாதி யோகா கதிர்காமநாதன் அவர்கள்! அவருக்குக் கீழ் வேலை செய்த எனக்கு அவர் யோகா அக்கா. இதுவரை பேசியவர்கள் அவரது பக்தியைச் சொன்னார்கள். 'த பேசின்' ஊர்ப் பிள்ளையார் கோயிலில் அவர் சமைத்த கத்தரிக்காய்க் குழம்பைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஏன்? வெட்கமா?

ஞாயிறு பின்னேரங்களில் அவர் எங்கே இருந்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ரோவில் புறநகரில் அவர் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில், எங்கள் வார்டு உதவியாளர் குவபேனா தொடங்கிய மேள வட்டத்தில் இருந்தார். குவபேனாவின் கானா நாட்டு நண்பர்கள், சூடானியக் குடும்பங்கள், கொங்கா மேளத்தோடு வரும் ஒரு கியூபாக்காரர். நடுவே சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு யோகா அக்கா. அவர் கையில் குச்சியால் தட்டும் ஓர் இரும்பு மணி. மேளங்கள் எங்கே அலைந்தாலும் திரும்பி வரவேண்டியது அந்த மணியின் தாளத்துக்குத்தான். உற்சாகத்தில் மற்றவர்கள் வேகமெடுப்பார்கள். அக்கா அசையமாட்டார். "எல்லாரும் ஓடட்டும், மணி ஓடக்கூடாது" என்பார்.

வாசித்து முடிந்ததும் அவரது பையிலிருந்து பிரஷர் பார்க்கும் கருவி வெளியே வரும். டாக்டரிடம் போகப் பயந்த எத்தனை சூடானியப் பெண்கள் அந்த மரத்தடியில் அவரிடம் கையை நீட்டினார்கள்! மருத்துவ முகாம் நடத்த வேண்டுமென்று நம் சங்கம் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் நடத்திக்கொண்டிருந்தார்.

நாம் என்ன செய்தோம்? இதே மண்டபத்தில், பொங்கல் விழாவில், ஓர் அன்ரி கேட்டார்:

"என்ன யோகா, பறையடிக்கப் பழகுறீராம்?"

"ஓமப்பா. உம்மட செத்தவீட்டுக்கு ஆள் வேணுமெல்லே!"

அன்ரி பாயாசத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். அக்கா அந்தப் பாயாசத்தையும் எடுத்துக் குடித்தார். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று குவபேனா வந்து கேட்டது ஒரே ஒரு தாளம். "மேளமில்லாமல் ஒருவரை அனுப்பினால், அவருக்கு ஆட்கள் இல்லை என்று எங்கள் ஊரில் நினைப்பார்கள். யோகாவுக்கு நாங்கள் இருக்கிறோமே" என்றார். நம் செயற்குழு என்ன சொன்னது? "இது இரங்கல் கூட்டம் பிள்ளை, கார்னிவல் இல்லை." அண்ணாவிடம் ஓடினேன். "எனக்கு மறுப்பில்லை தங்கச்சி. சனம் என்ன சொல்லுமோ எண்டுதான்..." என்றார்.

எந்தச் சனம் அண்ணா? இந்தக் கதிரைகளில் இருப்பவர்களைத் தவிர வேறு சனம் எங்கே இருக்கிறது? நம் ஊரில் மட்டும் செத்தவர்களை மேளமில்லாமலா அனுப்பினோம்? பறையடித்தவர்களை வாசல் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துத்தான் அடிக்கச் சொன்னோம்! எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எவ்வளவோ சாமான்களை விட்டுவிட்டு ஓடிவந்தோம். அந்தப் படலையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டோமே!

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலியாம். மௌனமா? யோகா அக்காவுக்கா?

அவருடைய மணி இதோ, என் கையில். நேற்று அண்ணாதான் தந்தார். எனக்கு அக்காவின் நிதானம் இல்லை. இருக்கிற ஆத்திரத்தில் ஓடிவிடுவேன். ஆனாலும் வரும் ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறுகளும் அந்தப் பூங்காவில் இந்த மணி கேட்கும். அதற்கு நான் பொறுப்பு.

தலைவர் அவர்களே, மௌனத்தைத் தொடங்குவதானால் தொடங்குங்கள். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறேன்.

அண்ணா, எழும்புங்கோ. என்னட்டக் குடை இருக்கு.