நாலாவது சுறாப்பூதம்

"ஹலோ... ஹலோ, யாரு? ... டேய் பீம்ராவ், நீயா! தாமஸுன்னு நெனச்சேன்டா... இல்ல, இன்னும் வர்ல. ராத்திரி ஷிப்டுக்குப் போனவன், இன்னும் ஆளக் காணோம்..."

கடல் பூதங்களை மட்டும் வைத்து ஒரு கட்டுச் சீட்டு சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஜெயித்தே தீருவது என்று சாவியோவும் தாமஸும் ஒற்றைக்காலில் நின்றார்கள். அதற்காகத்தான் சாவியோ காலையிலேயே ராயபுரத்தில் தாமஸ் வீட்டுக்கு வந்து, தரையெல்லாம் சீட்டைப் பரப்பியிருந்தான். போன் அடித்ததும் எடுத்தவன் அவன்தான்; மறுமுனையில் கூட்டாளி பீம்ராவ், காசு போட்டுப் பேசும் கடைப் போனில். அடுப்படியில் தாமஸின் அம்மா ரோசி சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ஆமா, மூணு சுறாப்பூதம் கீது. நாலும் சேந்து எறங்கினாத்தான் செத்த சீட்டுக் கும்பல்ல கெடக்கிறதெல்லாம் எந்திரிச்சி வரும். நாலாவதுதான் இல்லியே... இன்னாது? கெடச்சிச்சா? மெய்யாலுமா? ... மாமு, நீ தெய்வம்டா! ... கலீஜா கீதா? மண்ணுதான, தொடச்சா போவுது... இன்னா? லேமினேஷனா?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"...பின்னாடி திருப்பு. மூலைல சின்னதா நங்கூரம் வரஞ்சிகீதா? பச்ச மையில? ... ... டேய். யாருகிட்ட வாங்கின? ... பொன்னுரங்கமா? கல்லற தோண்டுறவரா?"

தாமஸின் அண்ணன் ஜூட், தன் சீட்டின் பின்னால் பச்சை நங்கூரம் வரைந்து, அது நனையக் கூடாதென்று கல்மண்டபம் கடையில் லேமினேஷன் போட்டு, கலைக்கவே முடியாமல் ஆக்கிவைத்த புத்திசாலி. அவன் காய்ச்சலில் போனபோது சாவியோதான் அதை அவன் சட்டைப் பையில் வைத்தான். பெட்டியோடு மண்ணுக்குள் போன சீட்டு அது.

"அது ஜூடோட சீட்டுடா... திருட்டு இல்ல, கேளு. ஒனக்குத் தெரியாது. இது குடும்பக் கல்லற. வூட்ல இன்னோர்த்தரு போனாத்தான் தொறப்பாங்க. பழைய எலும்ப வாரி ஓரமா வெச்சிட்டு... ஆமா. போனாத்தான்... இன்னிக்குத் தொறந்தாங்களா? யாரு தொறக்கச் சொன்னா? ... மெதுவா சொல்லு... லூர்து மாமாவா?"

லூர்து ரோசியின் தம்பி. எண்ணூர் துறைமுகத்தில் தாமஸோடு ஒரே ஷிப்டு. பெற்றவளுக்குக் கடைசியாகத்தான் சொல்வார்கள். அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி உள்ளே மீன் வறுக்கிறாள்.

"அவரு... அளுதுகினு இருந்தாரா? ... ... இன்னா ஆன்ட்டி? இல்ல, தாமஸ் இல்ல. நம்ம பீம்ராவு... ஓவர்டைமாதான் இருக்கும் ஆன்ட்டி... தோ, வெச்சிட்றேன்..."

குரல் தானாகத் தாழ்ந்தது.

"டேய், வெச்சிடாத! பேசிகினே இரு. இந்த லைனு காலியானா துறைமுகத்துலேர்ந்து அந்தப் போனு வந்துடும்டா... அவுங்களுக்குத் தெரியாதுடா... எதுனா பேசு... இன்னா பீப்பு சத்தம்? இன்னொரு ரூபா போடு. போட்றா நைனா... கடைக்காரன்கிட்ட சில்லற கேளு... பீம்ராவு! ஹலோ? ஹலோ?"

லைன் செத்துவிட்டது. ரோசி கரண்டியோடு வந்து நின்றாள்; அவள் கண் போன்மேலேயே இருந்தது. சாவியோ ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ம்... சொல்லுடா... ஆமா, ஆமா... நாலும் சேந்தா எல்லாம் எந்திரிச்சி வரும்... ஆமா..."