இரண்டு பூச்சு

டீ நன்றாக இருக்கிறது ஐயா. தங்கச்சி போடுவதைவிடச் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். ஒருநாள் முகம் சுளித்ததில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்தது, கிளம்பினார்கள். அதில் தப்பென்ன? நானும் அப்படித்தான் சொன்னேன்.

கிளம்புகிற அன்று கார்தான் நின்ற இடத்திலேயே நடுங்கியது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் கிழிந்திருந்தன. வாசலிலேயே மாற்றிவிடலாம் என்றார். அடியில் ஜாக்கி, அதன்மேல் பலகை, பலகைமேல் இன்ஜின் பாரம். ஜாக்கியின் பிடி என் கையில்.

"மச்சான், பாத்து. என் கை உள்ள இருக்கு."

"வீட்ல ஒரு துரும்பக்கூட நகத்தாத கைதானே மாப்ள?"

"அண்ணே, அத இன்னும் சத்தமா சொல்லு" என்று தங்கச்சி சிரித்தாள்.

அப்போதே ஜாக்கியை இறக்கியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

போல்ட்டை முறுக்கியதும், அதன் தலையிலிருந்து இரும்புவரை தங்கச்சியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரே பூச்சாக ஒரு கோடு இழுப்பார். போல்ட் தளர்ந்தால் கோடு விலகும்.

"வெலகினா வண்டியத் தொடவே கூடாது மச்சான். இன்ஜின் எகிறி ஆக்சிலேட்டர் கம்பிய இழுத்துக்கும்."

அவர் குளிக்கப் போனார். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று சுற்றுத் தளர்த்தினேன். பழைய கோட்டைத் தின்னர் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக இழுத்தேன். பழகிய கை. அம்மா போனபிறகு தங்கச்சியின் வலது கை நகங்களுக்கு நான்தான் பூசிவிடுவேன். எப்போதும் இரண்டு பூச்சு.

மாப்பிள்ளை ஈரத்தலையோடு குனிந்து பார்த்தார். "கோடு நேரா இருக்கு. கெளம்புறேன் மச்சான்."

கடகடவென்று சத்தம் வந்தால் பயந்து திரும்பிவிடுவார் என்றுதான் செய்தேன். மலைப்பாதை வளைவில் கார் நிற்காமல் போகும் என்று யார் கண்டது? கம்பியைப் பற்றி அவர் சொன்னதைக் கொஞ்சம் மிகை என்றே நினைத்தேன்.

பிறகு ஏன் தங்கச்சியை அந்தக் காரில் ஏற்றவில்லை என்கிறீர்கள். சாமான் நிறைய இருந்தது. நாளைக்கு ரயிலில் போம்மா என்றேன்.

நொறுங்கிய காரில் அந்தக் கோட்டின் இரண்டு பூச்சைப் பார்த்துவிட்டு, நெயில் பாலிஷ் சீசாவை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததே அவள்தானாமே. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கூர்மையான கண்.

ஆமாம், நான்தான் தளர்த்தினேன். எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது ஐயா. நான் போகாமல் அவள் சாப்பிட உட்காரமாட்டாள்.