செத்தவனுக்கு ஒரு தம்பி

...நல்லா ஓடுன படத்த எதுக்குங்க மறுபடி எடுக்கணும்? அதச் சொல்லுங்க மொதல்ல. ஓடாத படமா, எடு. ரிப்பேரான மோட்டர அவுத்து மாட்டுற மாதிரி, நாயமிருக்குது. ஓடிக்கினு இருக்கிற மோட்டர எதுக்குய்யா அவுக்கிற? கொஞ்சம் நவுந்து ஒக்காருங்க தம்பி. அந்தக் குக்கர மடியில வெச்சிக்கினீங்கன்னா கால் நீட்டலாம். எதுவரைக்கும்? வெள்ளிமலையா? அப்ப சரி. நான் கரியாலூர்ல எறங்கணும். பஸ்ஸு மல ஏற நேரமாவும், பேசிக்கினே போலாம்.

கௌபாய் படம் தம்பி. தொப்பி, துப்பாக்கி, குதிர, தூசி. அமெரிக்காக்காரன் எப்பவோ எடுத்து முடிச்சி, பொட்டியில போட்டுப் பூட்டிட்டுப் போய்ட்டான். ஊரே பாத்துது, ஊரே அழுதுது. அத்தோட வுடணுமா இல்லியா? வுடல. அதே படத்த இப்ப நம்ம கரியாலூர்ல திரும்ப எடுக்கறாங்களாம். ரீமேக்கு! 'நாலு குதிர ஒரு கெணறு'ன்னு நாங்க சொல்லுவோம். இங்கிலீஷ்ல வேற பேரு. நீளமான பேரு... அது எதுக்கு இப்ப, வுடுங்க.

குதிர எங்கேந்து வந்துச்சின்னு நெனைக்கிறீங்க? ஊட்டியிலேந்து. அங்க ஏரியச் சுத்தி சின்னப் புள்ளைங்கள ஏத்திக்கினு போவுமே, அந்தக் குதிர. லாரியில கொண்டாந்து எறக்குனாங்க. வில்லன் அது மேல ஒக்காந்துக்கினு 'ஏய்ய்ய்'னு கத்தறான். அது அம்பது அடி போவுது, நிக்குது, திரும்பிப் பாக்குது. ரவுண்டு முடிஞ்சிருச்சாம், எறங்கச் சொல்லுது! கேமராவ வேற பாத்துடுச்சின்னா போச்சு, ஃபோட்டோ புடிக்கிறாங்கன்னு அசையாம நிக்குது. இத வெச்சிக்கினு ரீமேக்கு.

அப்புறம் பாலைவனம். நீங்களே சொல்லுங்க, ஐப்பசி மாசத்துல கல்வராயன் மலையில பாலைவனத்துக்கு எங்க போவான்? ஒரு மரவள்ளிக் கொல்லய வாடகைக்குப் புடிச்சி, செம்மண்ணக் கொட்டி, தெர்மாகோல்ல ஆளு ஒசரத்துக்குக் கள்ளிச்செடி செஞ்சி நட்டு வெச்சாங்க. மத்தியானம் புடிச்சிது பாருங்க ஒரு மழ... பாலைவனம் மொத்தமும் ஓடையில எறங்கிப் போய்ட்டுது. ரெண்டு நாளு கழிச்சி கோமுகி டேமுல மீன் புடிக்கிறவன் வலயத் தூக்குறான், உள்ள கள்ளிச்செடி! பாவம், அவன் பயந்தே போய்ட்டான்.

யாரு எடுக்கறாங்களா? அது... ஒரு பொம்பளப் புள்ள. டைரக்டரு. மெட்ராசுல பத்து வருசம் யாருகிட்டயோ வேல கத்துக்கினு வந்துது. எஸ்தருன்னு பேரு. ...எம் பொண்ணுதாங்க. ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? பெத்த பொண்ணுன்னா தப்ப தப்புன்னு சொல்லக்கூடாதா?

இருங்க. இன்னா பச்சையம்மா? ஃபோனக் குடு. மெசேஜா, இங்கிலீஷ்லயா? ம்ம்... ம்ம்... ஒண்ணுமில்ல, கம்பெனிக்காரன் அனுப்புறது. அழிக்காத, பத்திரமா வெச்சிக்க. போ.

பாத்தீங்களா, எங்க ஊருக்காரங்க பஸ்ஸுலயும் வுட மாட்டாங்க, இதான் எனக்கு ரோதன. எம் பேரு அந்தோணிதாஸு. தியாகதுருகம் பக்கம் அந்தோணிதாஸுன்னு கேட்டீங்கன்னா எவனுக்கும் தெரியாது. இங்கிலீஷ் தாஸுன்னு கேளுங்க, சின்னப் புள்ள கூட கையப் புடிச்சிக்கினு வந்து வூட்டுல வுடும். கோர்ட்டு நோட்டீசா, எங்கிட்ட. ஆஸ்பத்திரி சீட்டா, எங்கிட்ட. துபாய்லேந்து பேப்பரு வந்தா, எங்கிட்ட. நாப்பத்தஞ்சு வருசமா இதே கததான்.

எப்பிடி ஆரம்பிச்சிதுன்னா... எங்க ஊருல ஒரு டெண்டுக் கொட்டாய் இருந்துது. மணலுல ஒக்காந்து பாக்கற கொட்டாய். எனக்கு அப்ப பத்தொம்பது வயசு, வாசல்ல டிக்கெட்டு கிழிக்கிற வேல. தமிழ்ப் படப் பொட்டி கெடைக்காத வாரத்துல மொதலாளி இங்கிலீஷ் படம் போடுவாரு. ஜனம் இன்னா பண்ணும்? அரமணி பாக்கும், ஒண்ணும் புரியாது, மண்ணத் தட்டிக்கினு எழுந்து போய்க்கினே இருக்கும். மொதலாளி யோசன பண்ணாரு. 'டேய், உம் பேரு அந்தோணிதான? ஃபாதர்கிட்ட படிச்சவன்தான? அப்ப உனக்கு இங்கிலீஷ் வரும். மைக்கப் புடி, கதயச் சொல்லு'ன்னாரு. கிறிஸ்டியன்னா இங்கிலீஷ் வரும்னு ஒரு கணக்கு பாருங்க! எங்க ஃபாதரு திண்டிவனத்துக்காரரு. திட்டறதெல்லாம் சுத்தத் தமிழு.

ஆனா பாத்தீங்களா தம்பி, கிழிச்ச டிக்கெட்டக் கையில வெச்சிக்கினு வாசல்ல நிக்கிறவனுக்கு ஒருத்தன் மைக்கு குடுத்தா... வேணாம்னு சொல்ல வாய் வருமா?

அப்பதான் இந்தப் படம் வந்துது. ஒரு ஊரு, ஒரு கெணறு. கெணத்தக் காத்துக்கினு ஒரு கெழவன். நாலு பேரு குதிரயில வர்றான். ஈரோ வர்றான், கெழவன மொறைக்கிறான். ஏன் மொறைக்கிறான்? நான் சொன்னேன், 'அந்தக் கெழவன் ஈரோவோட சொந்தப் பெரியப்பன். கெணத்துல பங்கு குடுக்காம ஏமாத்திட்டான்'. அவ்ளோதான், கொட்டாயில ஒரு சத்தம் இல்ல. பங்காளிச் சண்டைன்னா நம்ம ஜனத்துக்கு சொல்லித் தரணுமா? ஒரு பொண்ணு வந்தா. அத்தப் பொண்ணுன்னேன். ரெண்டு பேரும் கிட்டக் கிட்ட வந்து... முன்னாடி பொம்பளைங்க எல்லாம் ஒக்காந்திருக்காங்க, இன்னா சொல்லுவேன்? 'கண்ணுல தூசி வுழுந்துடுச்சி, ஊதி வுடறான்'னேன். ரொம்ப நேரம் ஊதுனான். தூசி ஜாஸ்தி, பாலைவனமில்லியா.

நல்லாத்தான் போய்க்கினு இருந்துது. நடுவுல ஈரோவோட கூட்டாளி குண்டடி பட்டுச் செத்துட்டான். பொதச்சி, சிலுவ நட்டு, எல்லாம் ஆயிடுச்சி. அடுத்த ரீல ஓட்டறாங்க, அந்தச் செத்தவன் சிரிச்சிக்கினே குதிரயில வர்றான்! எனக்கு ஒடம்பெல்லாம் வேத்துப்போச்சு. ஆப்பரேட்டரு ரீல மாத்திப் போட்டுட்டான் தம்பி, பின்னாடி ஓட்டவேண்டியத முன்னாடி, முன்னாடி ஓட்டவேண்டியத பின்னாடி. ஜனம் 'ஏய், இவன்தான் செத்துட்டானே'ன்னு கத்துது. மொதலாளி என்னியே பாக்கறாரு. வாயில வந்துது, சொல்லிட்டேன். 'மக்களே, இவன் செத்தவனோட தம்பி! ரெட்டப் புள்ளைங்க! அண்ணன் செத்தது தெரியாம, அவனப் பாக்க சிரிச்சிக்கினே வர்றான்...'

அழுதாங்க தம்பி. ஆம்பள பொம்பள எல்லாம் அழுதாங்க. அவன் சிரிக்கச் சிரிக்க இவங்க அழுவறாங்க. செல்லியம்மாள்னு நெல்லு அவிக்கிற ஒரு அம்மா, வெள்ளித்திரைகிட்டயே எழுந்து போய், 'போவாதடா, உங்கண்ணன் இல்லடா'ன்னுது. பதினேழு நாளு ஓடுச்சு. அதுக்கப்புறம் ரீல சரியா மாட்ட மொதலாளி வுடவே இல்ல. அன்னிக்கு ஒட்டுச்சி எனக்கு இங்கிலீஷ் தாஸுன்னு பேரு.

ஆங்... இதக் கேட்டு வளந்தது எம் பொண்ணு. சாப்புட மாட்டேன்னு அடம் புடிச்சா, அந்தத் தம்பி வர்ற கதயச் சொன்னாத்தான் வாயத் தொறக்கும். பெரிசாயி டைரக்டர் ஆவணும்னு நின்னப்ப, எடுத்தா அந்தப் படத்தத்தான் எடுப்பேன்னு நிக்குது. புரொடியூசரும், அந்தப் படத்த இங்க கையில வெச்சிருக்கிற மும்பைக்காரன் கம்பெனியில முறையா ரைட்ஸ் வாங்கிட்டான். அப்பதான் இது பழைய படத்த நெட்டுல தேடிப் புடிச்சிப் பாத்திருக்குது. நேரா எங்கிட்ட வந்து, 'இன்னாப்பா, இதுல தம்பியே காணோம்? பெரியப்பாவும் இல்ல?'ன்னுது.

அங்க சொல்லியிருக்கணும். அந்த எடத்துலதான் தம்பி. சொல்லல. எங்க வூட்டுல வேற பக்கத்துல நின்னுக்கினு, 'உங்கப்பாவ விட நெட்டுக்காரனுக்கு ஜாஸ்தி தெரியுமா?'ன்னா. நானும், 'அது வெட்டுன பிரிண்டும்மா. முழுப் படத்துல தம்பி இருக்கான். நான் கண்ணால பாத்தேன்'னுட்டேன்.

அது நம்பிடுச்சி. எனக்குன்னு ஒரு பொண்ணு, நான் சொன்னா நம்பாம? அந்தத் தம்பிய வெச்சேதான் கதய எழுதியிருக்குது. இப்ப மும்பைக்காரன் வந்து ஒக்காந்துக்கினு, 'எங்க படத்துல இல்லாத ஆளு யாரு இவன்? எங்கேந்து திருடுன?'ங்கறான். இவ, 'எங்கப்பா பாத்திருக்காரு, உங்ககிட்ட இருக்கிறதுதான் வெட்டுன பிரிண்டு'ன்னு சண்ட போடறா. அவனும் அமெரிக்காவுக்கெல்லாம் எழுதிக் கேட்டுட்டான். அப்பிடி ஒரு ஆளே கெடையாதுன்னு பதிலு வந்துடுச்சி. மூணு நாளா ஷூட்டிங் நின்னுபோச்சு. குதிர மரவள்ளி எலயத் தின்னுக்கினு கெடக்குது. இன்னிக்குப் பதினொரு மணிக்குள்ள, இவ அந்தத் தம்பி எங்கேந்து வந்தான்னு காட்டணும். இல்லாட்டி இவள எடுத்துட்டு வேற டைரக்டர். பத்து வருசம் தம்பி... பத்து வருசம் எவன் எவனுக்கோ கொட புடிச்சிட்டு வந்துது.

அதுக்குத்தான் சொல்றேன், பழைய படத்தயெல்லாம் எதுக்குய்யா திரும்ப எடுக்கறீங்க? பொதச்சது பொதச்ச மாதிரியே கெடக்க வேணாமா?

...ஃபோனு. அவதான். இருங்க.

அம்மாடி... வந்துக்கினே இருக்கேன், பாதி மல ஏறியாச்சு. ...மும்பைக்காரரு பக்கத்துலயே இருக்காரா? ...ஸ்பீக்கர்ல போடறியா? போடு. அதாவது அந்தத் தம்பி இருக்கான் பாரு, அவன்... அது பழைய பிரிண்டுல... (தம்பி, ஏன் நீங்க ஜன்னலப் பாக்கறீங்க? என்னப் பாருங்களேன்.) ...எஸ்தரு. எழுதிக்கச் சொல்லு அவர. அந்தப் படத்துல தம்பியே கெடையாது. ரீலு மாறிப்போச்சு. செத்தவன் எழுந்து வந்துட்டான், நான் வாய்க்கு வந்தத சொன்னேன். பெரியப்பனும் நாந்தான். அத்தப் பொண்ணும் நாந்தான். யாருகிட்டயும் திருடல. ...இல்லம்மா, படத்துல அவங்க பேசுனது எனக்குப் புரிஞ்சாத்தான? எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ...அலோ? ...கேக்கலியா? வளைவுல டவர் போவுது... எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னேன்! ...அலோ! எனக்கு! இங்கிலீஷ்! தெரியாது!

...கட்டாயிடுச்சி.

...இன்னா? எல்லாரும் இன்னா திரும்பிப் பாக்கறீங்க? டிரைவரே, ரோட்டப் பாருங்க, கீழ பள்ளம். பச்சையம்மா, அந்த மெசேஜா... யாராச்சும் படிச்சவங்ககிட்டக் காட்டிடு. யாரு பின்னாடி கொரலு குடுக்கறது? அரங்கநாதா! நீயும் இந்த பஸ்ஸுலதான் வர்றியா? ...எந்த லெட்டரு? ...ஒம்பது வருசமாவா? ...ஆமா, 'பத்திரமா வெச்சிக்க'ன்னுதான் சொன்னேன். வெச்சிருக்க இல்ல? ...பொட்டியில, துணிக்கு அடியில... சரி. சரிய்யா. திட்டு. உனக்கு நாயம் இருக்குது, திட்டிக்க. நாளைக்கே எடுத்துக்கினு வா. எஸ்தரு படிச்சிச் சொல்லும். அது நெசமா இருக்கிறத மட்டும்தான் படிக்கும்.

வந்துடுச்சி, ஃபோனு.

சொல்லும்மா. ...அழுவறியா சிரிக்கிறியா, ஒண்ணும் தெரியல... ம்ம்... அவரு இன்னா சொல்றாரு? ...அப்ப அந்தத் தம்பி கத அவங்களுதே இல்லியாம்மா? ...உங்களுது, நீங்க எடுத்துக்கங்கன்னுட்டாரா? ...புரொடியூசரு? ...மதியமே ஷூட்டிங்கா! குதிரய எழுப்பு மொதல்ல.

இன்னா? ...யாரு பேரப் போடணும்? ...எதுல, படத்துலயா? ...ஏ தாயி. 'கதை'ன்னு போட்டு அதுக்குக் கீழயா? ...போடு. போடு, வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு எஸ்தரு, இங்கிலீஷ்ல போடாத. தமிழ்ல போடு. இனிமே நான் யாருகிட்டம்மா போய் படிக்கச் சொல்லுவேன்?